எந்த ரத்தமும் பொருந்தாத ஒரு வெள்ளிக்கிழமை

போன மாதம் என் பழைய ரத்த வங்கியிலிருந்து ஃபோன் வந்தது. பேசியது கவிதா. இப்போது அங்கே சீனியர் டெக்னீஷியன் அவள்தான்.

"மேடம், ஆறாவது மாடியில புது ட்ரையல் ஆரம்பிக்கிறாங்க. ஒரே ஆன்டிபாடிக்கு ரெண்டு தலையாம். ஒரு தலை புற்றுநோய் செல்லப் பிடிச்சுக்குமாம், இன்னொரு தலை நம்ம வெள்ளை அணுவ இழுத்துட்டு வருமாம். புதுசா வந்த ஸ்டாஃப் எல்லாம், மருந்து மேல தானே ஏத்துறாங்க, கீழ இருக்கிற நமக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறாங்க. தனலட்சுமி அக்கா கதைய எழுதிக் குடுங்களேன்."

வாயால் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல ஆரம்பித்தால் பாதி விவரம் விட்டுப்போகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். பல்லாவரத்துக்காரி. அத்தா தோல் பதனிடும் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தார். பிளஸ் டூ முடித்ததும் ரத்தப் பரிசோதனைக்கான டிப்ளமோ, பிறகு இரண்டு சின்ன கிளினிக்குகள், அப்புறம் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்த அந்தப் பெரிய மருத்துவமனை. சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஓய்வு பெறும்வரை அதன் அடித்தளத்தில், சன்னல் இல்லாத ரத்த வங்கியில்தான் இருந்தேன். வெளியே மழையா வெயிலா என்று ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

எங்கள் பொறுப்பாளர் டாக்டர் ரெபேக்கா. ஒல்லியான உருவம், எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கையிலிருக்கும் பேனாவை மூடி மேசையில் வைப்பார். அவ்வளவுதான். அந்த மூடி 'டக்' என்று விழும் சத்தத்துக்கு அறுவை சிகிச்சை நிபுணர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்களிடம் அவர் அடிக்கடி கேட்பது ஒரே கேள்வி: "பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?" ஒரு ரிசல்ட்டைச் சொன்னால், சோதனைக் கார்டைக் கையில் கொடுக்காமல் அவரிடமிருந்து நகர முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் தினமும் ஒருமுறை அழுதிருக்கிறேன்.

ஒருவருக்கு ரத்தம் ஏற்றும் முன், கொடுப்பவருடைய சிவப்பணுவையும் பெறுபவருடைய பிளாஸ்மாவையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஜெல் கார்டு உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதில் ஆறு குட்டிக் குழல்கள், உள்ளே கண்ணாடி போன்ற ஜெல். இரண்டையும் மேலே விட்டு, உடம்புச் சூட்டில் பதினைந்து நிமிடம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் பத்து நிமிடம் சுழற்றுவோம். சிவப்பணு எல்லாம் அடியில் போய்ப் பொட்டு மாதிரி உட்கார்ந்தால் பொருத்தம். மேலேயே சிக்கிக்கொண்டால் பொருந்தாது. நடுவில், மணல் தூவியது மாதிரி தொங்கிக்கொண்டு நின்றால், லேசாக ஒட்டுகிறது, காரணம் தேட வேண்டும், அன்றைக்குச் சாப்பாடு தாமதம் என்று அர்த்தம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆறாவது மாடியில் அந்த முதல் ட்ரையல் வந்தது. மல்டிபிள் மைலோமா என்ற நோய் எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். மருந்து கொடுத்தால் அடங்கும், பிறகு திரும்பி வரும். வந்தால் முன்னைவிட முரட்டுத்தனமாக வரும். அப்படித் திரும்பி வந்தவர்களுக்கு, நோய் செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி மருந்து ஒன்று மட்டும் போதுமா, இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பலன் உண்டா என்று பார்க்கும் ஆராய்ச்சி. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், லிஃப்டில் ஒரு புது போர்டு மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான். எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு ரத்த மாதிரி வந்தது. தனலட்சுமி, வயது ஐம்பத்திரண்டு, தொடை எலும்பு முறிவு, ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே. நான்கு பாட்டில் ரத்தம் வேண்டும், சாயங்காலத்துக்குள் ஆபரேஷன்.

பி பாசிட்டிவ். நம்மூரில் தாராளமாகக் கிடைக்கிற ரத்தம். ஆறு பைகளை எடுத்து வைத்தேன். கார்டைச் சுழற்றி வெளியே எடுத்தால், ஆறு குழலிலும் மணல் தூவல். ஒன்றுகூட அடியில் உட்காரவில்லை.

மறுபடி செய்தேன். அதே. வேறு ஆறு பைகள். அதே. அந்த அம்மாவின் ரத்தத்தை அவருடைய பிளாஸ்மாவோடே வைத்துப் பார்த்தேன். அது மட்டும் அழகாக அடியில் போய் உட்கார்ந்தது. ஊரில் யாருடைய ரத்தத்தோடும் சேராமல் தன் ரத்தத்தோடு மட்டும் சேரும் ஒரு பிளாஸ்மா. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் ஒரே ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறேன். அது மிக அபூர்வமான ரத்த இனம். பொருந்தும் ரத்தம் எங்கிருந்தோ வந்து சேர ஒன்பது நாளானது. இந்த அம்மாவுக்கு ஒன்பது மணி நேரமே இருக்குமா என்று தெரியவில்லை.

பதினொன்றரைக்கு எலும்பு சர்ஜன் நேரில் இறங்கி வந்துவிட்டார். "லேசா தானே ரியாக்ட் ஆகுது? குடுத்துடுங்க டாக்டர், நான் பொறுப்பெடுத்துக்கிறேன். தொடைக்குள்ள ரத்தம் கட்டிக்கிட்டே போகுது."

ரெபேக்கா மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "உயிர் போற நிலைமை வந்தா நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன் சார். இன்னும் வரல. எங்களுக்கு மூணு மணி வரைக்கும் டைம் குடுங்க." அவர் போனதும் என் பக்கம் திரும்பினார். "நூர், பேஷன்டப் போய்ப் பாருங்க. கேஸ் ஷீட்ட நம்பாதீங்க. வாயால கேளுங்க."

போனேன். கட்டிலில் முகம் வெளுத்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தையல் மிஷின் விற்கிற கடை. காலையில் ஒரு மிஷினைத் தூக்கித் திரும்பியிருக்கிறார். கீழே விழவில்லை, மோதவில்லை, தொடை எலும்பு தானாகவே முறிந்துவிட்டது.

"இன்னாக்கா, ரத்தம் வருமா வராதா? காலைலேர்ந்து குத்திக் குத்தி எடுத்துகினே கீறாங்க, ஒருத்தரும் குடுக்க மாட்டேன்றாங்க."

"உங்க ரத்தத்துக்கு ஜோடி தேடிக்கிட்டு இருக்கோம்மா."

"அம்பது வயசுக்கு மேல எனக்கு ஜோடி தேடுறீங்களா?" அந்த வலியிலும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எத்தனை பிள்ளைகள், முன்பு ரத்தம் ஏற்றியிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முன் நாலைந்து பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள். "அப்ப தான் இந்த எலும்பு நோய் கீதுன்னு சொன்னாங்க. நல்லாயிடுச்சு. போன வருசம் திரும்ப வந்துட்ச்சு. இப்ப இங்கயே மேல ஆறாவது மாடில ரெண்டு ஊசி மருந்து ஏத்துறாங்கோ. வாரத்துக்கு ஒரு தபா. நாலு தபா ஆயிட்ச்சு. ஒரு அட்டை கூட குடுத்தாங்க, எந்த டாக்டராண்ட போனாலும் காட்டுன்னு. அது கடைல பைக்குள்ள கீது."

நாங்கள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த விடை எங்கள் தலைக்கு மேலே ஆறு மாடி உயரத்தில் இருந்தது. அவசரப் பிரிவில் புதுச் சீட்டுப் போட்டதில் அந்த ட்ரையல் பேச்சே ஏறவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினேன். ஆராய்ச்சிப் பிரிவை ஒருங்கிணைக்கிற பிரகாஷ், இரும்புலியூர் பையன், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். "தனலட்சுமி அக்காவா? எங்களுக்கு யாருமே சொல்லலையே மேடம்!" அலமாரியிலிருந்து தடித்த ஃபைலை இறக்கினான். இருவரும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். பின்பக்கம், ஆய்வகங்களுக்கான பகுதியில், பொடி எழுத்தில் ஒரு பத்தி.

இரண்டு ஆன்டிபாடிகளில் ஒன்று, மைலோமா செல்லின் மேல் நிறைய இருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. அதே புரதம் எல்லோருடைய சிவப்பணுவின் மேலும் துளியூண்டு இருக்கிறது. ஆகவே மருந்து ஏறிய நோயாளியின் பிளாஸ்மா எந்த ரத்தத்தைக் கண்டாலும் லேசாக ஒட்டும். மருந்து ஏற ஏற நோயாளியின் சொந்த அணுவில் அந்தப் புரதம் மறைந்துவிடும், அதனால் அது மட்டும் ஒட்டாது. டி.டி.டி. என்ற ரசாயனத்தில் சிவப்பணுவை ஊற வைத்தால் புரதம் சிதைந்து, பரிசோதனை தெளிவாகும். கடைசி வரி: பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தப் புரதம் கிடையாது.

"டி.டி.டி.ன்னா கொசு மருந்தா மேடம்?" என்றான் பிரகாஷ்.

"அந்த டி.டி.டி. இல்லப்பா, இது வேற. நம்மகிட்ட இல்ல. எங்க கிடைக்கும்?"

வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியின் உயிர்வேதியியல் லேபில் அவனுக்குத் தெரிந்தவர் இருந்தார். பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். போய் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரே நெரிசல்.

நான் கீழே வந்து மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் குளிர்பெட்டியின் கீழ்த் தட்டைத் திறந்தார். பிரசவ வார்டில் பிறக்கும் குழந்தைகளின் ரத்த வகையைப் பார்க்க, தொப்புள்கொடி ரத்தம் எங்களிடம்தான் வரும். பார்த்து முடித்த குழாய்களை ஒரு வாரம் வைத்திருப்போம். அந்த வாரக் குழாய்களில் தனலட்சுமியின் பி வகைக்கு ஒத்துவரும் ஓ அல்லது பி வகையாக இருந்தவை ஐந்து. ஐந்து குழந்தைகள், இன்னும் பெயர்கூட வைக்காதவர்கள்.

கொடி ரத்தத்தில் ஜவ்வு மாதிரி வழவழப்பு ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீரில் ஆறு முறை கழுவினேன். கார்டில் விட்டேன். பதினைந்து நிமிடம், பத்து நிமிடம். இவ்வளவு நீளமான இருபத்தைந்து நிமிடத்தை நான் அதுவரை கண்டதில்லை. இயந்திரம் நின்றதும் மேடமே கார்டை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார்.

ஒன்று, அடியில். இரண்டு, அடியில். மூன்று, நான்கு, அடியில். கத்தப் போனேன். ஐந்தாவதைப் பார்த்தேன். ஐந்தாவது குழலில் அணுக்கள் பாதி வழியில் சிக்கியிருந்தன.

"மருந்து தான் காரணம்ன்னா இது ஏன் ஒட்டுது?" என்றார் மேடம்.

"கழுவினது சரியில்லாம இருக்கலாம் மேடம்."

"பாத்தீங்களா, இல்ல நெனச்சீங்களா?"

"நெனச்சேன் மேடம்." அந்தக் குழாயை மட்டும் மறுபடி எட்டு முறை கழுவிப் போட்டேன். மறுபடியும் சிக்கியது.

"காலைல போட்ட முதல் கார்டு எங்க?"

தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆறு குழலுக்கும் நான் ஒரே மாதிரி 'லேசான ஒட்டல்' என்று எழுதியிருந்தேன். மேடம் விரலால் நான்காவது குழலைக் காட்டினார். மற்ற ஐந்தில் அணுக்கள் கீழ்ப்பாதியில் தொங்கின. நான்காவதில் ஒரு நெல் அளவு மேலே நின்றன. காலையில் என் கண்ணுக்கு அது தெரிந்திருந்தது. ஆறும் ஒட்டிய அதிர்ச்சியில் ஒரே மாதிரி எழுதிவிட்டேன். அதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மருந்தின் ஒட்டல் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் உண்மையான எதிரி ஒன்று ஒளிந்திருந்தது. மூன்று பிரசவமோ பழைய ரத்தமோ, ஏதோ ஒன்றின் மூலம் தனலட்சுமியின் உடம்பு, ஏ, பி, ஓ தவிர ரத்தத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட துணை வகையைப் பகையாக நினைத்து ஆன்டிபாடி தயாரித்து வைத்திருக்கிறது. ஐந்தாவது குழந்தைக்கும் நான்காவது பைக்கும் அந்தத் துணை வகை இருந்திருக்க வேண்டும்.

இரண்டையும் சோதித்தோம். இரண்டிலும் ஆங்கில 'ஈ' எழுத்தால் அழைக்கப்படும் துணை வகை இருந்தது. மற்ற நான்கு குழந்தைகளுக்கும் இல்லை. சர்ஜன் சொன்னபடி லேசான ஒட்டல்தானே என்று அனுப்பியிருந்தால், அந்த நான்காவது பையும் மேலே போயிருக்கும். ஏறிய அணுக்கள் உடம்புக்குள் உடைந்திருக்கும்; ஏற்கெனவே நோயில் நைந்துபோன சிறுநீரகம் அதைத் தாங்கியிருக்காது.

மேடம் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க. இன்னும் பாதி வேலை இருக்கு."

பிரகாஷ் வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. கையில் ஐஸ் டப்பா, அதற்குள் சுண்டு விரல் அளவு குப்பி. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அறை முழுக்க. துணை வகை தெரிந்த பரிசோதனை அணுக்களை அதில் அரை மணி நேரம் ஊற வைத்து, கழுவி, மறுபடி கார்டு. இந்த முறை திரை விலகிவிட்டது. 'ஈ' உள்ள அணுக்கள் மட்டும் ஒட்டின, மற்றதெல்லாம் அடியில் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்தன. அந்த ரசாயனம் கெல் என்ற இன்னொரு துணை வகையையும் அழித்துவிடும், ஆகவே தனலட்சுமியிடம் கெல்லுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் 'ஈ'யும் கெல்லும் இரண்டுமே இல்லாத பைகளாகத் தேடினோம். குளிர்பெட்டியில் ஏழு கிடைத்தன. காலையில் நான் எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே வைத்த பைகளே அதில் மூன்று!

இரண்டே முக்காலுக்கு முதல் பை மேலே போனது. நானே கொண்டுபோனேன். நர்ஸ் அதை மாட்டிவிட்ட பிறகு பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் இல்லை, நடுக்கம் இல்லை, முதுகு வலி இல்லை.

"ஜோடி கெட்ச்சுதாக்கா?"

"ஒண்ணு இல்லம்மா, ஏழு."

"அடியாத்தி!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தொடைக்குள் உலோகக் கம்பி வைத்தார்கள். ஆனால் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. மறுநாள் மைலோமா டாக்டர், "ரத்தமே பொருத்த முடியாத ஒருத்தருக்கு இந்த மருந்தத் தொடர்றது ரிஸ்க். ட்ரையல்லேர்ந்து எடுத்துடலாமா?" என்று யோசிப்பதாகப் பிரகாஷ் வந்து சொன்னான். தனலட்சுமிக்கு மற்ற மருந்துகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. இதை நிறுத்தினால் அவருக்கு அடுத்தது என்று ஒன்றும் இல்லை.

ரெபேக்கா மேடம் ஆறாவது மாடிக்கு ஏறி நான் பார்த்தது அன்றுதான். என்னையும் கூட அழைத்துப் போனார். கார்டுகளை வரிசையாக மேசையில் பரப்பினார். "பொருத்த முடியாதுன்னு யார் சொன்னது? பொருத்தியாச்சு. எப்ப கேட்டாலும் மூணு மணி நேரத்துல குடுப்போம். இனிமே உங்க ட்ரையல்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டா, மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு குழாய் ரத்தம் எங்களுக்கு வரணும். முழு விவரத்தையும் அப்பவே எடுத்து வெச்சுடுவோம். இத எப்படிச் செய்யணும்ன்னு நூர் எழுதித் தருவாங்க. அவங்க தான் கண்டுபிடிச்சாங்க."

அவர் வாயால் என் பெயரை அப்படிச் சொல்லிக் கேட்டது முதல் முறை. அந்தக் கார்டில் நான் செய்த தவறைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த முறையின் முதல் வரி, ஒட்டலின் அளவை ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்பதுதான்.

இரண்டு வாரம் தள்ளி மருந்து மறுபடி தொடங்கியது. ட்ரையல் விதிகள் அனுமதித்த இடைவெளிக்குள்ளேயே. அதன்பின் மாதா மாதம் தனலட்சுமியின் ரத்தத்தில் நோயின் புரதம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தாளில் கோபுரம் மாதிரி உயர்ந்து நின்ற அந்தக் கோடு மாதத்துக்கு மாதம் இறங்கியது. முதலில் குன்றானது, அப்புறம் மேடானது, பிறகு தட்டையாகிவிட்டது.

பதினோராவது மாதம் மஜ்ஜைப் பரிசோதனை. ரிசல்ட் வந்த அன்று மதியம் தனலட்சுமி கைத்தடி இல்லாமல் எங்கள் அடித்தளத்துக்கு நடந்து வந்தார். காகிதத்தை ரெபேக்கா மேடத்திடம் நீட்டினார்.

"மேல டாக்டர் சொல்ட்டாரு. எனுக்கு இங்கிலீஷு தெரியாது. நீங்க ஒரு தபா படிச்சு சொல்லுங்கோ."

மேடம் முழுவதும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "லட்சக்கணக்கான செல்லத் தேடியிருக்காங்க தனலட்சுமி. நோய் செல் ஒண்ணு கூட அகப்படல."

தனலட்சுமி கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "யக்கா, என்கூட மேல வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

ஆறாவது மாடியில் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. பிரகாஷ் எல்லாம் விளக்கி முடித்தும் அவருக்குப் பயம் போகவில்லையாம். தனலட்சுமி அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"சார், எனுக்கு வேல செஞ்சுச்சு. உங்களுக்கு செய்யுமான்னு எனுக்குத் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா இன்னாத்துக்கு டெஸ்ட் பண்றாங்க? உங்குளுக்கு இஷ்டம்னா போடுங்க, இல்லாங்காட்டி வாணாம். ஆனா ரத்தத்துக்கு மட்டும் பயப்படாதீங்க. அத இந்தக்கா பாத்துக்கும்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் தன் மனைவியிடம் ஏதோ கேட்டார், அந்தம்மா சரி என்றார். வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

நான் படியிறங்கிக் கீழே வந்து கையுறையை மாட்டுவதற்குள் அவருடைய ரத்த மாதிரிக் குழாய் என் மேசைக்கு வந்துவிட்டது. பெயர், வயது, நேரம், எல்லாம் சரியாக எழுதியிருந்தது. முதல் சொட்டு மருந்து ஏற இன்னும் இரண்டு நாள் இருந்தது.